காசல்ரீ கரைக்கு எது காவல்: சுவரா, கேபியனா, கல்லடுக்கா, வெட்டிவேரா?

இலங்கை மலைநாட்டின் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் ஓரத்தில் கோயிலோ வீதியோ தோட்டத் தொழிலாளர் லயமோ வைத்திருக்கும் ஊர்களில், தென்மேல் பருவக்காற்று அடங்கியதும் ஆண்டுதோறும் ஒரே பேச்சுதான். கரை இன்னும் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது, ஏதாவது கட்டியாக வேண்டும். அந்த ஏதாவது பெரும்பாலும் ஒரு செங்குத்தான கொங்கிரீட் சுவராகவே முடிகிறது. பார்க்க உறுதியாக இருக்கிறது, நன்கொடையாளரின் பெயரைப் பொறிக்க இடமும் இருக்கிறது. ஆனால் அலை அடிக்கும் கரையில் எதைக் கட்டினாலும் அது சாய்வதும் நிற்பதும் அடியில் உள்ள மண்ணைப் பொறுத்தது. மேலே தெரியும் உடம்பை வைத்து ஒரு கட்டுமானத்தை எடைபோடக் கூடாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மேற்குக் கரையில் கருங்கல் அணைகள் போடும் வேலைகளில் சில காலம் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு மலைக்குத் திரும்பியவன் நான். கடலில் கற்றதை நீர்த்தேக்கக் கரைக்கு அப்படியே தூக்கிவர முடியாது. எனினும் அலை மண்ணைத் தோண்டும் விதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முதலில் நம் அலையின் அளவைப் பார்ப்போம். காசல்ரீ அணை 1965 இலும் மவுசாகலை அணை 1969 இலும் கட்டி முடிக்கப்பட்டவை. இரண்டும் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே, பள்ளத்தாக்குகளுக்குள் கை கால் விரித்துக் கிடக்கும் நீர்ப்பரப்புகள். மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில் காற்று 2 கிலோமீற்றர் திறந்த நீரின் மேல் விடாமல் வீசினால், கரையோரப் பொறியியலில் வழக்கமாகப் பயன்படும் சூத்திரங்களின்படி எழும் அலையின் உயரம் 35 முதல் 45 சென்ரிமீற்றர் வரை. இரண்டு விநாடிக்கு ஒன்று வரும். முழங்கால் உயரத்துக்கும் குறைந்த அலை என்று அலட்சியம் செய்துவிடலாம் போலத் தோன்றும். இரண்டு விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 43,200 அடிகள். காற்று பலமாக வீசும் மாதங்களும் நீர்த்தேக்கம் நிரம்பி நிற்கும் மாதங்களும் நமக்கு ஒன்றாகவே வருகின்றன. அதனால் இந்த அடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் விழுகின்றன. பெப்ரவரியில் நீர் இறங்கியதும் கரையில் இறங்கிப் பாருங்கள். நிறைமட்டத்துக்குச் சற்றுக் கீழே செம்மண் நெட்டுக்குத்தாக வெட்டுப்பட்டு, அதிலிருந்து தேயிலை வேர்கள் தொங்கும். வெட்டின் காலடியில் சரளை மட்டும் மிஞ்சிய ஒரு தட்டை மேடை இருக்கும். மண்ணின் நுண்பொடியெல்லாம் கலங்கிப்போய் ஆழத்தில் படிந்துவிட்டது, பாரமான கல் மட்டும் தங்கிவிட்டது. அலை செய்த வேலை அங்கே எழுத்தாகவே கிடக்கிறது.

இனி, நான்கு வழிகளையும் ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கலாம். மோதிய அலையின் பலம் எங்கே போகிறது?

செங்குத்துச் சுவரில் அது எங்கும் போவதில்லை. வந்த அலை கிட்டத்தட்ட முழுமையாகத் திரும்புகிறது. வருவதும் திரும்புவதும் ஒன்றோடொன்று கலந்து நிலையலை ஆகிறது. சுவரோரம் நீர் ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, அதாவது 45 சென்ரிமீற்றர் அலை 90 சென்ரிமீற்றராக ஆடுகிறது. சுவரை ஒட்டிய இடத்தில் நீர் மேலும் கீழும் மட்டுமே போகும். அலைநீளத்தின் கால் பங்கு தள்ளி, அடித்தரைக்கு மேலே நீர் முன்னும் பின்னும் வேகமாக உரசும். ஒரு மீற்றர் ஆழத்தில் நம் இரண்டு விநாடி அலையின் நீளம் ஐந்து மீற்றருக்குச் சற்று அதிகம். ஆக, அந்த உரசல் சுவரிலிருந்து சுமார் 1.3 மீற்றர் தூரத்தில் கடுமையாக இருக்கும். நுண்மணல் அங்கிருந்து கிளம்பி வேறிடத்தில் படியும், பருமணல் வேறு மாதிரி நகரும் என்பதை 1981 இல் சீனப் பொறியியலாளர் சியே ஷி-லெங் ஆய்வுத் தொட்டியில் அளந்து காட்டினார். அலை சுவர்மேல் உடைந்தாலோ நிலைமை இன்னும் மோசம். மேலே எறியப்பட்ட நீர் கீழே விழுந்து சுவரின் காலடியையே நேராகத் தோண்டும்.

எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டும்? சுவரின் முன்னே வரும் அலையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்குப் பள்ளம் விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பது கடற்கரைப் பொறியியலாளரின் பழைய கைக்கணக்கு. நமக்கு 45 சென்ரிமீற்றர். நம் ஊர்களில் இத்தகைய சுவருக்குப் போடப்படும் அத்திவாரமோ பெரும்பாலும் ஒன்றரை அடி, அதுவும் 45 சென்ரிமீற்றர்தான். ஒரு பருவக்காற்றில் விழக்கூடிய பள்ளத்துக்கும் அத்திவாரத்தின் ஆழத்துக்கும் இடையே மிச்சம் எதுவும் இல்லை. கைக்கணக்கு மணலுக்கானது, நம் மலைமண் அதைவிடப் பிடிமானமுள்ளது என்று வாதிடலாம். அது உண்மைதான், இங்கே பள்ளம் மெதுவாகவே விழும். ஆனால் கடலோரப் பள்ளத்தைக் கடல் தானே மணல் கொண்டுவந்து ஓரளவு மூடிவிடும். நம் செம்மண் கரைந்தால் கரைந்ததுதான், ஆழத்துக்குப் போன களி கரைக்குத் திரும்புவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு கூடும் பள்ளம் இது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீர் இறங்கிய பிறகு சுவரடியைப் பார்த்துவிட்டு, பள்ளமே இல்லையே என்று பலர் நிம்மதியடைகிறார்கள். காற்று ஓய்ந்ததும் வடிகான்களில் வரும் சேறும் சருகும் பள்ளத்தில் படிந்து தரை சமமாகிவிடும். கடலிலும் இதே ஏமாற்றம் உண்டு. புயல் நேரத்தில் விழுந்த குழி அமைதியான நாளில் தளர்ந்த மணலால் மூடிக்கிடக்கும். அரை அங்குல இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துச் சுவரோரமாகவும், ஒன்றரை மீற்றர் தள்ளியும், ஐந்து மீற்றர் தள்ளியும் குத்திப் பாருங்கள். ஐந்து மீற்றரில் ஒரு சாண் இறங்கி நின்ற கம்பி, சுவரோரத்தில் அதே கைப்பலத்துக்கு முழம் முழமாக இறங்கினால், அத்தனையும் அரித்த பள்ளத்தில் படிந்த புதுச்சேறு என்று பொருள்.

சுவருக்கு இன்னொரு பகை பின்பக்கத்தில் இருக்கிறது. மின் உற்பத்திக்காக நீரைத் திறந்துவிடும்போது நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்கும். சுவருக்குப் பின்னே மண்ணில் ஊறிய நீர் அதே வேகத்தில் இறங்காது. உள்ளே இருக்கும் நீர் வெளியே உள்ளதைவிட 2 மீற்றர் உயரமாக நின்றால், ஒவ்வொரு மீற்றர் நீளச் சுவரையும் நீர் மட்டும் 2 டன் பலத்தோடு வெளியே தள்ளும். மண்ணின் அழுத்தம் அதற்கு மேல் தனி. காலடியில் மண் போய், பின்னாலிருந்து தள்ளலும் வந்தால் எந்தச் சுவரும் முன்னோக்கித்தான் விழும். நீர்க்கசிவுத் துளைகள் இல்லாத சுவரை நீர்த்தேக்கக் கரையில் கட்டவே கூடாது. துளை வைத்தாலும் அதற்குப் பின்னே சரளை வடிகட்டி இல்லையென்றால் மண் துளை வழியாக ஒழுகிப்போகும், சுவருக்குப் பின்னே தரை உள்வாங்கும்.

சுவரின் இரு முனைகளையும் மறக்கக் கூடாது. முனையைச் சுற்றி வளையும் அலை பக்கத்துக் கரையைக் கடிக்கும், பிறகு சுவரின் முதுகுப்பக்கம் வரும். கடலோரத்தில் இதைவிடப் பெரிய அளவில் என்ன நடக்கும் என்பதற்குக் கிழக்குக் கரையிலுள்ள ஒலுவில் சாட்சி. 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புகள் வடக்கு நோக்கிப் போகும் மணலை மறித்தன. வடபுறத்தில் தென்னைகளும் காணிகளும் கடலுக்குள் போயின. நீர்த்தேக்கத்தில் அந்த அளவுக்கு மணல் ஓட்டம் இல்லை, காரணமும் ஒன்றல்ல. ஆனால் ஒருவரின் காவல் அடுத்தவரின் அரிப்பாக மாறும் என்ற உண்மை இங்கேயும் பொருந்தும். கோயிலுக்குச் சுவர் கட்டிவிட்டு அருகிலுள்ள லயத்தின் கரையைப் பலிகொடுப்பதை எந்த ஊரும் விரும்பாது. சுவர்தான் என்றால் அதன் முனைகளைக் கரைக்குள் இரண்டு மூன்று மீற்றர் திருப்பிப் புதைக்க வேண்டும்.

கேபியனுக்கு வருவோம். மலைநாட்டு வீதிகளில் மண்சரிவு விழுந்த இடமெல்லாம் பார்த்துப் பழகிய கம்பிவலைக் கற்பெட்டிகள் இவை. இரண்டு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம் என்பது வழக்கமான அளவு. வலைக் கண்ணைவிடப் பெரிய, 10 முதல் 20 சென்ரிமீற்றர் கல் போதும். இதன் பெரிய நன்மை வளைந்துகொடுக்கும் குணம். அடியில் பள்ளம் விழுந்தால் கொங்கிரீட் சுவர் வெடித்து விழும், கேபியன் கொஞ்சம் குனிந்து பள்ளத்தில் உட்காரும். நீரும் உள்ளே போய் வெளியே வரும் என்பதால் பின்பக்கத் தள்ளல் மிகவும் குறைவு. கடலில் நான் கேபியனை நம்பமாட்டேன். உப்பு நீர் வலையைத் தின்றுவிடும், அலை ஆட்டும் கற்கள் உள்ளிருந்தே கம்பியைத் தேய்க்கும். நன்னீரில் முதல் ஆபத்து பெரிதும் குறைகிறது. இரண்டாவது குறைவதில்லை. கல்லைக் கொட்டி நிரப்பிய பெட்டியில் கற்கள் ஆடும், கையால் அடுக்கி நெருக்கிய பெட்டியில் ஆடாது. பெட்டியின் ஆயுள் பெரும்பாலும் இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் அவசரப்படும் இடமும் இதுவேதான்.

இருந்தாலும் கேபியனை நெட்டுக்குத்தாக அடுக்கினால் அது பாதிச் சுவர்தான். கற்களின் இடைவெளி அலையில் ஒரு பங்கை உறிஞ்சும், மீதி திரும்பி அடியைத் தோண்டும். கேபியனைத் தேர்ந்தால் படிப்படியாகப் பின்வாங்கி அடுக்குங்கள். முன்னே 30 சென்ரிமீற்றர் தடிப்புள்ள மெத்தைப் பெட்டியைத் தரையோடு தரையாகப் போட்டு, அதை மேற்பெட்டியோடு கம்பியால் பிணையுங்கள். அடி அரித்தால் அந்த மெத்தை மடங்கி இறங்கிப் பள்ளத்தை மூடும்.

மூன்றாவது, சரிவுக் கல்லடுக்கு. கொழும்பிலிருந்து காலி நோக்கிப் போகும் ரயில் பாதையில் கடலை ஒட்டிய பகுதிகளில் பயணித்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கரையைச் சாய்வாக வெட்டி, அதன்மேல் கல்லைப் படரவிட்ட காவல் அது. அங்கே கல் டன் கணக்கில் இருக்கும். இங்கே வேண்டியது அதுவல்ல. 45 சென்ரிமீற்றர் அலை, ஒன்றுக்கு இரண்டு சரிவு, கருங்கல் என்று வைத்து ஹட்சன் சூத்திரத்தில் கணக்கிட்டால் கல்லின் எடை 13 கிலோ வருகிறது. பெரிய அலைகளுக்கு இடம்விட்டுக் கணக்கிட்டால் 27 கிலோ. ஆக, 25 முதல் 40 கிலோ எடையுள்ள கற்கள் போதும். இயந்திரம் இறங்க முடியாத கரையில்கூட ஆட்களே தூக்கி வைத்துவிடலாம். மலைநாட்டுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறென்ன?

இங்கே அலையின் பலம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கிறது. சாய்வில் ஏறும் நீர் கல்லிடுக்குகளில் சிதறிப் பலமிழக்கிறது. நன்றாகப் போட்ட கல்லடுக்கில் திரும்பும் அலையின் உயரம், வந்ததில் பத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு வரைதான். பலம் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்தில் நாலு பங்கு உயரம் திரும்பினால் பலத்தில் 16 சதவீதம் மட்டுமே திரும்புகிறது. காலடி அரிப்பு முற்றாக நிற்காது, ஆனால் வேறு அளவுக்கு இறங்கிவிடும்.

இதிலும் தோற்றுப்போகும் வழிகள் உண்டு. முதலாவது, வடிகட்டி இல்லாமல் கல்லை மண்மேல் நேரே கொட்டுவது. அலை பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் கல்லிடுக்கு வழியாகக் கொஞ்சம் மண்ணை உறிஞ்சும். சில பருவங்களில் கல் மேலேயே இருக்கும், அதன் கீழே மண் இருக்காது, பிறகு ஒரே நாளில் அடுக்கு சரியும். கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியோ சரளை அடுக்கோ கட்டாயம் வேண்டும். சரளைக்கு ஒரு பழைய விதி இருக்கிறது. சரளையில் நுண்ணிய 15 சதவீதத்தின் எல்லை அளவு, மண்ணில் பருமையான 15 சதவீதம் தொடங்கும் அளவைப்போல ஐந்து மடங்குக்கு மேல் போகக் கூடாது. நம் செம்மண்ணில் நுண்பொடி அதிகம் என்பதால் ஒரே சரளை அடுக்கு பெரும்பாலும் போதாது, துணிதான் எளிது. செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவதும் இந்தத் துணிதான். தயவுசெய்து அதை மட்டும் வெட்டாதீர்கள். கல்லில் பத்துச் சதவீதம் குறைந்தாலும் கரை நிற்கும், துணி இல்லாவிட்டால் நிற்காது.

இரண்டாவது, அடுக்கின் கால். நீர்மட்டம் மீற்றர் கணக்கில் ஏறி இறங்கும் நீர்த்தேக்கத்தில் அலை அடிக்கும் இடமும் கூடவே நகர்கிறது. நிறைமட்டத்துக்கு 60 சென்ரிமீற்றர் மேலிருந்து ஒன்றரை மீற்றர் கீழ்வரை கல் போட்டால் பருவக்காற்றுக் காலம் முழுவதும் காப்பாற்றும். மட்டம் அதற்கும் கீழே இறங்கும் வாரங்களில் அலை அடுக்கின் காலையே தோண்டும். அதற்காகக் காலடியில் ஒன்றரை மீற்றர் அகலத்துக்குக் கல்மேடை ஒன்றைத் தரையில் புதைத்து வைக்க வேண்டும். அரை மீற்றர் பள்ளம் விழுந்தாலும் மேடையின் கற்கள் உருண்டு அந்தச் சரிவை மூடக் கையிருப்பு இருக்கும். இந்தச் சரிவையும் மேடையையும் 45 சென்ரிமீற்றர் தடிப்பில் கூட்டிப் பார்த்தால் ஒரு மீற்றர் கரைக்கு 2.8 கன மீற்றர் கல், அதாவது நம் வழக்கில் ஒரு கியூப். நாற்பது மீற்றர் கரை என்றால் நாற்பது கியூப். கல்குவாரிக்காரரிடம் விலை கேட்க இந்த ஒரு கணக்குப் போதும்.

கல்லடுக்கின் உண்மையான குறை நிலம். இரண்டு மீற்றர் உயரத்துக்கு நாலு மீற்றர் அகலம் கேட்கும். வீதியின் விளிம்பே கரையாக இருக்கும் இடத்தில் அந்த நாலு மீற்றர் கிடையாது. நீரை நோக்கி நிரப்பி வெளியே போகலாம் என்றால் அது நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைத் தின்னும், அனுமதியும் எளிதில் கிடைக்காது, தளர்ந்த நிரப்புமண்ணும் நிற்காது.

வெட்டிவேரைப் பற்றிப் பெரிய நம்பிக்கைகள் நிலவுகின்றன. அதன் வேர் மூன்று மீற்றருக்கும் கீழே போகும், மண்ணைப் பின்னிப் பிடிக்கும் என்பதெல்லாம் மெய். மழைநீர் வழிந்து அறுக்கும் சரிவுக்கு அதைப் போல மலிவான காவல் வேறில்லை. ஆனால் அலை நேராக அடிக்கும் மட்டத்தில், மாதக்கணக்கில் நீரில் மூழ்கி, வேரடி மண் தினமும் கழுவப்படும் இடத்தில் அது வேரூன்றுவதற்கே அவகாசம் கிடைக்காது. கல்லடுக்கின் மேல்விளிம்புக்கு மேலே நடுங்கள். மர நிழலில் நட்டால் தேறாது.

கடலோரத்தில் மணல் கொட்டிக் கரையை வளர்ப்பதும் ஒரு வழி. 2020 இல் கல்கிசையில் கொட்டிய மணல் அலையோடு போனது பெரும் விவாதமாக வெடித்தது நினைவிருக்கலாம். நமக்கு அது பொருந்தாது. அள்ளிக் கொட்ட மணலும் இல்லை, கொட்டினாலும் ஏறி இறங்கும் மட்டம் அதை ஆழத்துக்கு இழுத்துவிடும்.

படகுத்துறையின் தூண்களுக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்களும் உண்டு. கடலில் தூணைச் சுற்றிச் சுழலும் நீர் அடியைத் தோண்டுவது பெரிய பிரச்சினை. நம் அலையில் நீர் அடித்தரையில் ஊசலாடும் தூரம் ஒரு சாண் அளவுதான். 30 சென்ரிமீற்றர் தூணைச் சுற்றி அந்தச் சுழல் உருவாக அது போதாது. ஓடை வந்து விழும் வாயில் தூணை நடாதவரை கவலை வேண்டாம்.

ஆக, நாலு மீற்றர் நிலம் இருக்கும் எந்தக் கரைக்கும் என் தெரிவு துணி விரித்த கல்லடுக்கு, புதைத்த கல்மேடை, மேலே வெட்டிவேர். நிலம் இல்லாத இடத்தில் படிக் கேபியன், முன்னே மெத்தை. வீதி உடனடியாக விழும் நிலையில், ஒன்றரை மீற்றர் இடம்கூட இல்லாத மூலைகளில் மட்டும் சுவர். அதன் அத்திவாரம் பாறையைத் தொட வேண்டும், அல்லது ஒரு மீற்றராவது இறங்க வேண்டும்.

எதைத் தெரிவு செய்வதற்கு முன்னும் பார்க்க வேண்டியவை இரண்டு. கரைக்கு மேலே உள்ள கான் எங்கே போய் விழுகிறது? தோட்டத்துக் கானின் நீர் கரை விளிம்பில் கொட்டினால், முன்னே என்ன கட்டினாலும் பின்னாலிருந்து அறுத்துவிடும். முதலில் அதைக் குழாயிலோ கல் பதித்த வாய்க்காலிலோ கீழே இறக்குங்கள். மற்றது, மலையே நகர்கிறதா என்பது. சுவர்களில் புதுவெடிப்பு, சாய்ந்த மரங்கள், தரையில் வளைவாக ஓடும் பிளவு தெரிந்தால் அது அலையரிப்பு விவகாரம் அல்ல. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலிலும் மண்சரிவு என்ன செய்யும் என்று பார்த்துவிட்டோம். அத்தகைய இடத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வராமல் ஒரு கல்லையும் புரட்டக் கூடாது. கரையின் காலை வெட்டுவதே மேலே உள்ள சரிவை இறக்கிவிடக்கூடும்.

வேலைக்கு உரிய காலம் பெப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை. மவுசாகலையில் பழைய மஸ்கெலியாவின் கோயிலும் பள்ளிவாசலும் நீருக்கு மேலே தலைகாட்டும் அளவுக்கு மட்டம் இறங்கும் ஆண்டுகளில், அடுக்கின் காலை உலர்ந்த தரையிலேயே வெட்டிவிடலாம். நீர்த்தேக்கத்தை நிர்வகிப்பவர்களின் அனுமதிக்கு அதற்குப் பல மாதங்கள் முன்பே எழுதுங்கள்.

ஏற்கெனவே சுவர் கட்டிவிட்ட ஊர்கள் அதை இடிக்க வேண்டியதில்லை. கம்பி குத்திப் பார்த்த இடத்தில் சேறு ஆழமாக இருந்தால், அந்தச் சேற்றை வழித்தெடுங்கள். அத்திவாரத்தின் அடி வெளியே தெரிந்தால் அந்த இடைவெளியை முதலில் கொங்கிரீட்டால் அடையுங்கள். பிறகு சுவரோடு ஒட்டித் துணியை விரித்து, சுவரிலிருந்து 2 மீற்றர் அகலத்துக்கு 45 சென்ரிமீற்றர் தடிப்பில் கல்லைப் பதியுங்கள். கல்லின் மேல்மட்டம் பழைய தரையோடு சமமாக இருக்கட்டும். கடும் உரசல் விழும் 1.3 மீற்றர் இடம் அதற்குள் அடங்கிவிடும். மீற்றருக்கு மூன்றில் ஒரு கியூப் கல், சித்திரைக்கு முன் சில நாள் வேலை.